ஜாக்கி சான் முதல் மிஷெல் யோ வரை: வயசான பிறகு குங்ஃபூ ஸ்டார்கள் என்ன ஆனாங்க?

நாற்காலி, ஏணி, குடை என கையில் எது கிடைத்தாலும் அதை வைத்தே நாலு பேரை அடித்துப்போடும் ஜாக்கி சானை டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த ஜாக்கி சானுக்கு 2024 ஏப்ரல் 7-ம் தேதியே 70 வயது நிறைந்துவிட்டது. ஜெட் லி, மிஷெல் யோ, டோனி யென் ஆகிய மூவரும் 60-ஐத் தாண்டியாச்சு.

மற்ற ஹீரோக்களுக்கு வயசானால் மேக்கப் இருக்கு, டூப் இருக்கு. ஆனா குங்ஃபூ ஸ்டாரின் மூலதனமே அவரது உடம்புதான். முட்டி வலிக்க ஆரம்பித்தால் மார்க்கெட்டும் ஆட ஆரம்பிக்கும். அப்படி ஒரு நிலை வந்தபோது இவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் ஆஸ்கர் மேடை வரை போனார்கள், சிலர் தியேட்டர் பக்கமே வராத படங்களோடு நின்றுவிட்டார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

உடம்பு எவ்வளவு அடி தாங்கியது?

ஹாங்காங் சினிமாவில் ரிஸ்க்கான காட்சிகளை ஹீரோவே செய்வதுதான் பெருமை. 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படப்பிடிப்பு அன்றைய யூகோஸ்லாவியாவில் நடந்தபோது, சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவிய ஜாக்கி சான் கீழே விழுந்து மண்டை உடைந்தது. மூளையில் அறுவை சிகிச்சை செய்துதான் அவரைக் காப்பாற்றினார்கள். 'ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்' (1995) படத்தில் கணுக்கால் உடைந்தது. ஷூ மாதிரி பெயின்ட் அடித்த உறையைக் கட்டின் மேல் மாட்டிக்கொண்டு நடித்தார்.

மிஷெல் யோவும் தப்பவில்லை. 'தி ஸ்டன்ட் வுமன்' (1996) படத்துக்காக மேம்பாலத்திலிருந்து குதித்தபோது முதுகில் பலத்த காயம். நாம் கைதட்டிய ஒவ்வொரு ஷாட்டும் அவர்களின் உடம்பில் ஒரு கணக்காக ஏறிக்கொண்டே இருந்தது.

சினிமாவே இவங்களுக்கு இரண்டாவது தொழில்தான்!

இது பலருக்குத் தெரியாத விஷயம். ஜாக்கி சானும் சாமோ ஹங்கும் சின்ன வயதில் சேர்ந்தது சினிமாவுக்கான பயிற்சியில் இல்லை. பாட்டு, நடிப்பு, குட்டிக்கரணம், சண்டை எல்லாம் கலந்த பீக்கிங் ஓபரா என்ற மேடைக்கலையைக் கற்றுத்தரும் பள்ளியில்தான் சேர்ந்தார்கள். நம்ம ஊர் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களைப் போல குழந்தைகள் அங்கேயே தங்கி, அடி உதை வாங்கித்தான் பயில வேண்டும்.

ஆனா படித்து முடித்து வெளியே வந்தபோது அந்தக் கலைக்குக் கூட்டமே இல்லை. கற்ற வித்தையை வைத்துப் பிழைக்க ஸ்டன்ட் ஆட்களாக ஸ்டூடியோ வாசலுக்குப் போனார்கள். ப்ரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' (1973) படத்தின் முதல் சண்டையில் அவரோடு மோதுபவர் சாமோ ஹங். அதே படத்தில் அடிவாங்கும் அடியாட்களில் ஒருவர் ஜாக்கி சான். அந்த ஆண்டே ப்ரூஸ் லீ 32 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பிற்காலம் என்ற ஒன்றே வாய்க்கவில்லை.

மிஷெல் யோ கதையும் இதேதான். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த அவர், லண்டனில் பாலே நடனம் பயின்றவர். முதுகில் ஏற்பட்ட காயம் அந்தக் கனவை முடித்துவைத்தது. பிறகு 1983-ல் மிஸ் மலேசியா பட்டம், அடுத்து ஹாங்காங், 1985-ல் 'யெஸ் மேடம்' என ரூட் மாறியது. கனவு ஒருமுறை உடைந்தாலும் வேறு வேலையில் நிற்க முடியும் என்பது இவர்களுக்கு முன்பே தெரியும்.

நடிப்பைக் கையில் எடுத்தவர்கள்

2012-ல் கேன்ஸ் விழாவில் 'சைனீஸ் சோடியாக்' பற்றிப் பேசிய ஜாக்கி சான், இதுதான் தனது கடைசி பெரிய ஆக்‌ஷன் படம் என்றார். அதற்காகச் சண்டையை முழுசாக விட்டுவிடவில்லை, கேரக்டரை மாற்றினார். 'தி கராத்தே கிட்' (2010) படத்திலேயே குருவாக மாறியிருந்தார். 'தி ஃபாரினர்' (2017) படத்தில் குண்டுவெடிப்பில் மகளைப் பறிகொடுத்த அப்பா. முகத்தில் வழக்கமான சிரிப்பே கிடையாது. 'ரைட் ஆன்' (2023) படத்தில் வாய்ப்பில்லாத ஒரு வயதான ஸ்டன்ட் கலைஞராகவே வந்தார். இடையில் 2016-ல் கௌரவ ஆஸ்கர் விருது கிடைத்தது.

மிஷெல் யோ இன்னும் ஒரு படி மேலே போனார். திருமணத்துக்குப் பிறகு நடிப்பை விட்டவர், 1992-ல் 'போலீஸ் ஸ்டோரி 3' மூலம் திரும்பி வந்தார். ஓடும் ரயில் மீது பைக்கோடு பாய்ந்த காட்சி அதில்தான். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' (2022) படத்தில் வருமான வரிக் கணக்கோடு மல்லுக்கட்டும் லாண்டரி கடைக்கார அம்மாவாக நடித்தார். இயக்குநர்கள் முதலில் அந்தக் கதையை ஜாக்கி சானை மனதில் வைத்துத்தான் யோசித்தார்கள். 2023 மார்ச்சில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வென்ற முதல் ஆசியப் பெண் ஆனார் மிஷெல் யோ. அப்போது அவருக்கு வயது 60. பெண்களின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என மேடையிலேயே சொன்னார்.

அவருக்கு முன்னோடி செங் பெய் பெய். 1966-ல் 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் வாள் சுழற்றிய கதாநாயகி, 2000-ல் 'க்ரவுச்சிங் டைகர் ஹிட்டன் டிராகன்' படத்தில் வில்லியாக மிரட்டினார். 2024-ல் 78 வயதில் காலமானார்.

ஸ்டன்ட் மாஸ்டர் ஆனவர், லேட்டா ஜெயித்தவர்

சாமோ ஹங் நடிகராக இருந்தபோதே இயக்குநர், ஸ்டன்ட் மாஸ்டர் என எல்லா வேலையும் கற்றுவைத்திருந்தார். 'இப் மேன்' (2008) படத்தின் சண்டைகளை வடிவமைத்தவர் அவர்தான். 'இப் மேன் 2' (2010) வேலையின்போது இதய அறுவை சிகிச்சை நடந்தும், அதே படத்தில் சண்டையும் போட்டார். தன் உடம்பு ஓய்ந்தாலும் அடுத்தவர் உடம்பை வைத்துச் சண்டையை உருவாக்கலாம் என்பது அவர் வழி.

அந்த 'இப் மேன்' ஹீரோ டோனி யென். 1984-லேயே ஹீரோவானவர். உச்சத்தைத் தொட்டது 45 வயதில். அதன்பிறகு 'ரோக் ஒன்' (2016), 'ஜான் விக் 4' (2023) என ஹாலிவுட்டும் அழைத்தது.

சினிமாவைத் தாண்டிப் போனவர்

2018-ல் ஒரு போட்டோ வைரலானது நினைவிருக்கிறதா? தளர்ந்த முகத்தோடு நின்றது ஜெட் லி. 'அடையாளமே தெரியலையே' என்று ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். தனக்குத் தைராய்டு சுரப்பு அதிகமாகும் ஹைப்பர்தைராய்டிசம் இருப்பதை 2013-லேயே அவர் சொல்லியிருந்தார். பழைய காயங்களின் பாதிப்பும் சேர்ந்துகொண்டது.

ஆனா அவர் பாதை அதற்கு முன்பே திரும்பிவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் நம் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே சுனாமியில், மாலத்தீவில் குழந்தைகளோடு சிக்கி உயிர் தப்பினார். 2007-ல் ஒன் ஃபவுண்டேஷன் என்ற பேரிடர் உதவி அமைப்பைத் தொடங்கினார். படங்கள் குறைந்தன. 'முலான்' (2020) படத்தில் பேரரசராக வந்தார்.

எல்லோருக்கும் இப்படி அமைந்ததா?

இல்லை. 'அண்டர் சீஜ்' (1992) ஹீரோ ஸ்டீவன் சீகல், 2000-களில் நேரடியாக டிவிடியில் வரும் படங்களுக்குள் சுருங்கிப்போனார். 2016-ல் ரஷ்யக் குடியுரிமை பெற்றார். இப்போது படங்களைவிட அரசியல் சார்புக்காகத்தான் அதிகம் பேசப்படுகிறார்.

பெல்ஜியத்தின் ஜான் கிளாட் வான் டாம் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா 'ஜேசிவிடி' (2008) படத்தில் மார்க்கெட் இழந்த நடிகராக, தன் சொந்தப் பெயரிலேயே நடித்து விமர்சகர்களை வாயடைக்க வைத்தார்.

'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978) நாயகன் கார்டன் லியுவுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். 'கில் பில்' மூலம் புது ரசிகர்களைப் பெற்றவர், 2011-ல் பக்கவாதம் தாக்கி முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியதானது.

அப்போ வித்தியாசம் எதில்?

அதிர்ஷ்டமும் உடல்நலமும் யார் கையிலும் இல்லை. ஆனா இவர்கள் கதைகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. உதை ஒன்றையே நம்பியவர்களுக்கு, உதையின் வேகம் குறைந்ததும் வேலையும் குறைந்தது. நடிக்க, இயக்க, கற்றுக்கொடுக்க, அல்லது கேமராவுக்கு வெளியே வேறொரு வேலை செய்யப் பழகியவர்கள் நின்றார்கள். ஜாக்கி சான் 2025-ல் 'கராத்தே கிட்: லெஜண்ட்ஸ்' படத்திலும் குருவாகத்தான் வந்தார். முன்பு அவர் விழுந்து எழுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள், இப்போது அவர் இன்னொருவருக்கு விழுந்து எழக் கற்றுக்கொடுப்பதைப் பார்க்கப் போகிறார்கள்.