மனப்பான்மை அளவுகோல்கள், கல்வி ஆய்வில்

மாணவர் ஒரு பாடத்தை விரும்புகிறாரா, அஞ்சுகிறாரா, ஒதுக்குகிறாரா என்பதையும், ஆசிரியர் தம் மாணவரையும் தொழிலையும் எப்படிக் கருதுகிறார் என்பதையும் எண்ணாக்கித் தரும் வினாநிரல்கள் மனப்பான்மை அளவுகோல்கள் எனப்படும். இலங்கைத் தமிழ் நூல்களில் மனப்பாங்கு என்ற சொல் மிகுதியாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் எம்.எட். ஆய்வேடு எழுதியவர்களில் பலர் இவற்றில் ஒன்றையாவது பள்ளிக்கு எடுத்துச் சென்று, வகுப்பில் விநியோகித்து, நிரப்பி வாங்கி வந்திருப்பார்கள். தாளில் இருக்கும் கூற்றை எழுதியவர் ஒரு பொருளில் எழுதுகிறார். படிக்கும் பிள்ளை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி இந்தத் துறையில் மிகத் தாமதமாகவே எழுந்தது.

தோற்றம்

மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928-இல் துணிந்து எழுதியவர் லூயி லியோன் தர்ஸ்டன். மின்பொறியியல் படித்து, சிறிது காலம் எடிசனிடம் உதவியாளராக இருந்து, பின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானவர். அளவீட்டில் பொறியாளரின் கண்டிப்பு அவரிடம் இருந்தது. 1929-இல் சேவ் என்பவருடன் சேர்ந்து, தேவாலயம் குறித்த மனப்பான்மையை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். 130 கூற்றுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி 300 பேரிடம் கொடுத்து, மிகச் சாதகமானது முதல் மிக எதிரானது வரை 11 குவியல்களாகப் பிரிக்கச் சொன்னார். பிரிப்பவரின் சொந்தக் கருத்து கேட்கப்படவில்லை. கூற்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டுமே அவர்கள் சொல்ல வேண்டும். குவியல்களின் இடைநிலை அந்தக் கூற்றின் மதிப்பானது. ஒரே கூற்றை ஒருவர் இங்கும் இன்னொருவர் அங்குமாக வைத்தால் அது கழிக்கப்பட்டது. கடைசியில் எஞ்சியவை 45.

இவ்வளவு பாடு பட முடியாத ஆய்வாளர்களுக்கு வழி காட்டியது ரென்சிஸ் லிக்கர்ட் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. 1932-இல் அது அச்சானது. நடுவர் குழு வேண்டாம், குவியல் வேண்டாம். ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து விடைகள் போதும்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், முடிவு செய்ய இயலவில்லை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை. அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்து, எதிர்மறைக் கூற்றுகளுக்கு மட்டும் வரிசையைத் திருப்பிக் கூட்டினால் ஒருவரின் மதிப்பெண் வந்துவிடும். சிக்கலான கணக்கீட்டில் கிடைத்த முடிவுக்கு இது மிக நெருங்கி வருவதையும் அவர் காட்டினார். உலகம் முழுதும் இந்த முறை பரவியதற்குக் காரணம் அதன் எளிமை. அந்த எளிமையே பின்னாளில் கவனக்குறைவுக்கும் இடம் கொடுத்தது.

அளவுகோல்கள் கல்விக்குள் நுழையவும் நாளாகவில்லை. இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரெம்மர்ஸ் 1927-இலேயே மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடும் படிவத்தை உருவாக்கியிருந்தார். 1934-இல் அவரும் சைலன்சும், பாடத்தின் பெயரை மாற்றிக்கொண்டு எந்தப் பள்ளிப் பாடத்துக்கும் பயன்படுத்தத்தக்க அளவுகோலை வெளியிட்டனர்.

அதே 1934-இல் வந்த சிறு கட்டுரை ஒன்று இந்த உற்சாகத்தை உலுக்கியிருக்க வேண்டும். ரிச்சர்ட் லாபியேர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். சீனர் மீதான வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் படியேறினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுக்கப்பட்டார்கள். பின்னர் அதே இடங்களுக்கு, சீனரை ஏற்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாட்டோம் என்றனர். தாளில் ஒருவர் இடும் குறிக்கும் வாசலில் அவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டியது வேறில்லை. ஆயினும் கல்வி ஆய்வில் வினாநிரல்கள் பெருகிக்கொண்டே போயின.

ஆசிரியரை அளத்தல்

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் குக், லீட்ஸ், காலிஸ் ஆகியோர் 1951-இல் வெளியிட்ட ஆசிரியர் மனப்பான்மை வினாநிரல் 150 கூற்றுகள் கொண்டது. வகுப்பில் மாணவருடன் இணக்கமாகப் பழகக்கூடிய ஆசிரியர் யார் என்பதை முன்கூட்டியே கண்டறிவது அதன் நோக்கம். லீட்ஸ் தம் கருவியைச் சோதித்த விதம் பாராட்டத்தக்கது. ஆசிரியரின் விடைகளை மூன்று பேரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்: தலைமையாசிரியர், வகுப்பைப் பார்வையிட்ட வல்லுநர், அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள். மாணவரின் வாக்கைச் சான்றாக ஏற்ற முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. குறையும் விரைவில் வெளிப்பட்டது. கண்டிப்பான பள்ளியில் வேலை கேட்பதுபோல் நிரப்புங்கள் என்றால் மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்தது. தாராளமான பள்ளி என்றால் மறுபக்கம் சாய்ந்தது. வேலைக்கு ஆள் எடுக்க இத்தகைய கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

1976-இல் ராண்ட் நிறுவனத்தார் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் நடத்திய வாசிப்பு ஆய்வு வேறொரு கிளையைத் தொடங்கி வைத்தது. அவர்கள் ஆசிரியரிடம் கேட்டவற்றில் இரண்டு கூற்றுகள் முக்கியமானவை: பிள்ளையின் வீட்டுச் சூழலுக்கு முன் ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது ஒன்று, முயன்றால் எவ்வளவு கடினமான பிள்ளையையும் எட்டிவிடலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலிருந்து ஆசிரியரின் தன்திறன் நம்பிக்கை என்ற பெரிய ஆய்வுப் புலமே வளர்ந்தது. கிப்சன், டெம்போ இருவரும் 1984-இல் அதை 30 கூற்றுகளாக விரித்தனர். சானன்-மொரானும் உல்ஃபோக் ஹோயும் 2001-இல் 24 கூற்றுகளில் அமைத்ததே இப்போது பெரிதும் வழக்கில் உள்ளது.

இந்தியாவில் எஸ்.பி. அலுவாலியாவின் ஆசிரியர் மனப்பான்மை வினாநிரல் பரவலாக அறியப்பட்டது. ஆக்ராவின் நேஷனல் சைக்கலாஜிக்கல் கார்ப்பரேஷன் வெளியிட்ட அதில் ஆறு பகுதிகள், பகுதிக்கு 15 வீதம் 90 கூற்றுகள்.

மாணவரை அளத்தல்

கணிதத்தில் பெண் பிள்ளைகள் பின்தங்குவது இயல்பு என்று பலர் நம்பியிருந்த காலத்தில், விஸ்கான்சினைச் சேர்ந்த எலிசபெத் ஃபென்னமாவும் ஜூலியா ஷெர்மனும் 1976-இல் ஒன்பது அளவுகோல்களை ஒருசேர வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் 12 கூற்றுகள்; ஆறு நேர்மறை, ஆறு எதிர்மறை. தன்னம்பிக்கை, பதற்றம், பயன் ஆகியவற்றோடு தாய், தந்தை, ஆசிரியர் மூவரும் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று மாணவி எண்ணுவதையும், கணிதம் ஆண்களின் துறை என்ற எண்ணத்தையும் அவை தனித்தனியே அளந்தன. திறமைக் குறைவு என்று சொல்லப்பட்டதன் பின்னால் வீடும் வகுப்பறையும் இருக்கின்றனவா என்று கேட்க இந்தப் பிரிப்பு வழி செய்தது. ஒரு கருவி செய்யத்தக்க மிகப் பெரிய உதவி அதுதான்.

அறிவியலில் கதை வேறு. மூர், சட்மன் இருவரின் 1970-ஆம் ஆண்டு வினாநிரலைப் பலர் கையாண்டனர். அதைப் பயன்படுத்திய 30 ஆய்வுகளை ஹியூ மன்பி 1983-இல் அலசியபோது, கருவியின் ஏற்புடைமைக்குப் போதிய சான்றில்லை என்பது தெரிந்தது. 1951-இல் க்ரான்பாக் வகுத்த ஆல்ஃபா கெழு உயர்ந்திருந்தால் கருவி சரியானது என்று நினைக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். எதை அளக்கின்றன என்பதைச் சொல்லாது.

மாணவரிடமே திரும்பிச் சென்றவர் கனடாவின் சஸ்காச்சவானைச் சேர்ந்த க்ளென் ஐகன்ஹெட். ஒரே பொருளைப் பள்ளி மாணவர்களிடம் லிக்கர்ட் வகைக் கூற்றாகவும், எழுதச் சொல்லியும், மாணவர் சொற்களிலிருந்தே அமைத்த தெரிவு விடைகளாகவும், நேர்காணலாகவும் கேட்டு 1988-இல் ஒப்பிட்டார். மாணவர் என்ன நினைக்கிறார் என்பதில் லிக்கர்ட் வகையில் 80 விழுக்காடு வரை குழப்பம் இருந்தது. நேர்காணலில் 5 விழுக்காடு. மறு ஆண்டு அவரும் உடன் உழைத்தவர்களும் மாணவர் எழுதியவற்றிலிருந்தே 114 வினாக்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டனர்.

நாடுகளை ஒப்பிடும்போது

பல நாட்டு மாணவரின் கணித, அறிவியல் அடைவை ஒப்பிட 1995-இல் தொடங்கிய டிம்ஸ் ஆய்வுகள் ஒரு புதிரைக் கொண்டு வந்தன. ஒரு நாட்டுக்குள் கணிதத்தை விரும்பும் பிள்ளை கூடுதல் மதிப்பெண் பெறுகிறது. நாடுகளை வரிசைப்படுத்தினால், உயர்ந்த மதிப்பெண் பெறும் ஜப்பானும் கொரியாவும் விருப்பத்தில் கீழே நிற்கின்றன. உடன்படுகிறேன் என்ற சொல்லை எல்லா ஊரிலும் ஒரே தாராளத்தோடு மக்கள் பயன்படுத்துவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. அதைச் சரிசெய்ய, நாடுகளை ஒப்பிடும் மற்றோர் ஆய்வான பீசா 2012-இல் கற்பனை ஆசிரியர் சிலரை வருணித்து, முதலில் அவர்களை மதிப்பிடச் சொன்னது. மாணவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் எவ்வளவு நீளம் என்பது அதில் தெரியும். தமிழ்ப் பிள்ளைகளும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உட்பட்டதுண்டு: பீசா 2009-இன் நீட்டிப்பாக அடுத்த ஆண்டு நடந்த சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன.

தமிழில் இக்கருவிகளை மொழிபெயர்ப்பதில் இரண்டு இடர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. தாளில் கணிதம் என்று இருக்கும். பிள்ளைக்கு அது கணக்கு. எதிர்மறைக் கூற்றில் இடர் இன்னும் கூடுதல். ‘கணிதம் எனக்குப் பயன்படாது’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று குறியிட, எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மறுப்புகளைக் கூட்டி ஒரு சம்மதமாக்க வேண்டும். அங்கே அளக்கப்படுவது கணித விருப்பமா, வாசிப்புத் திறனா என்று பிரிப்பது கடினம். ஆயத்தமாக அச்சிட்ட அளவுகோலை எடுத்துச் செல்லும் ஆய்வாளர், பெரிய கூறெடுப்புக்கு முன் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.