மூத்தோன் உரிமை மறைந்த வரலாறு

தந்தையின் நிலம் யாருக்கு? குடும்பந்தோறும் எழும் இவ்வினாவிற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் அளித்த விடையை ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கு இருவகை வழக்கங்கள் நிலவின. உயில் எழுதாது ஒருவர் இறந்தால், நிலம் முழுவதும் மூத்த மகனையே சேரும். மற்றொன்று பரம்பரைக் கட்டு; அதற்குட்பட்ட நிலத்தை வாரிசுகள் எளிதில் விற்கவோ பிரிக்கவோ இயலாது. பெருநிலக் குடும்பங்கள் நிலைபெற இவை துணைநின்றன.

1776-இல், விடுதலை அறிவித்த அவ்வாண்டிலேயே, தாமஸ் ஜெபர்சன் பரம்பரைக் கட்டை ஒழிக்கும் சட்டத்தைக் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். மூத்தோன் உரிமையைக் காக்க விழைந்த எட்மண்டு பெண்டில்டன், மூத்தவனுக்கு இரட்டைப் பங்கேனும் தருக என்றார். அவன் இருமடங்கு உண்பானாயின், இருமடங்கு உழைப்பானாயின் தரலாம். இன்றேல் சமபங்கே முறை என மறுத்தார் ஜெபர்சன். 1785-இல் இயற்றப்பெற்ற சட்டம் 1787-இல் நடைமுறைக்கு வந்தது. மகனும் மகளும் சமபங்கிற்கு உரியவராயினர். எனினும் மணமான மகளின் நிலம் கணவன் ஆளுகைக்கே உட்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ மூத்தவனின் இரட்டைப் பங்கு 1789 வரை நீடித்தது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. வர்ஜீனியாவில் அடிமைகளும் சொத்தாகவே எண்ணப்பெற்றனர். பாகம் பிரிக்கையில் தாய் ஒருவர் பங்கிற்கும் சேய் மற்றொருவர் பங்கிற்கும் சென்றதுண்டு. உடன்பிறந்தாருக்குச் சமநீதி வகுத்த சட்டம், மற்றொரு குடும்பத்தைக் கூறுபோட்டது. அக்கொடுமை 1865-இல்தான் ஒழிந்தது.

பங்கு சமமாயிருத்தல் மட்டும் போதாது. பங்கிடப்படுவது யாதென ஆராய்தலும் அறமேயாகும்.