நித்தியகல்யாணி (பாசிர் கூடாங் தோட்டங்களில்)

அறிவியல் பெயர் காதரந்தசு ரோசியசு. அப்போசைனேசி குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி, தாயகம் மடகாசுகர். மலாய் மொழியில் கெமுந்திங் சீனா. சுடுகாட்டுப் பூ என்றும் தமிழர் சொல்வதுண்டு. அதனால் சிலர் வாசலில் வைக்கத் தயங்குவர்.

ஊதாப் பூவுக்காக வேறு செடியை நாடினால், வட அமெரிக்கப் புல்வெளிச் செடியான ஊதாக் கூம்புப்பூ குளிர்காலத்தில் உறங்கி வசந்தத்தில் துளிர்ப்பது. ஜொகூர் நீரிணையோரம் 1.5 பாகை வடக்கில் உள்ள பாசிர் கூடாங்கில் அந்த உறக்கத்துக்கு இடமில்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முற்றத்தில் ஆண்டு முழுதும் ஊதா நிறம் வேண்டுவோர்க்கு நித்தியகல்யாணியே பொருத்தம்.

இங்கு இதன் எதிரி வெயிலன்று, மழை. நவம்பர் முதல் சனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் செம்மண்ணில் நீர் தேங்கினால் ஃபைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் தாக்கும்: தண்டின் அடி கறுத்து, நேற்றுவரை பூத்த செடி இன்று துவண்டு கிடக்கும். மணல் கலந்த மேட்டுப் பாத்தி நல்லது. கூரையோரப் பூச்சட்டி அதைவிடப் பாதுகாப்பு. உரம் மிகுந்தால் இலைதான் செழிக்கும். தண்டு மரம்போல் கெட்டியானால் மூன்றிலொரு பங்கைக் கழிக்க வேண்டும். இரட்டைக் காய்கள் மஞ்சளாகும்போதே பறிக்காவிட்டால் வெடித்துக் கருவிதைகள் சிதறும். விதை இருளில் நன்கு முளைக்கும். மண்ணால் மூடி விதைக்கலாம்.

1950களில் கனடாவில் இராபர்ட் நோபிள், சார்லசு பீர் இருவரும் இதன் இலையிலிருந்து வின்பிளாசுடினைப் பிரித்தெடுத்தனர். பின்னர் கிடைத்த வின்கிறிசுடின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது. ஆனால் செடி முழுதும் நச்சு. நீரிழிவுக்கென்று வீட்டில் கசாயம் வைப்பது ஆபத்து.