வளர்ப்புக் குடும்பங்களுக்கும் உறவினர் பராமரிப்பாளர்களுக்குமான பயிற்சியும் ஆதரவும்

பெற்றோரை இழந்த குழந்தையையோ, பெற்றோர் உயிருடனிருந்தும் அவர்களால் வளர்க்க இயலாத குழந்தையையோ இல்லங்களில் சேர்க்காமல் ஒரு வீட்டில் வளரச் செய்யும் ஏற்பாடு இரு வகைப்படும். இரத்த உறவற்ற ஒரு குடும்பத்தை அரசு தேர்ந்தெடுத்து, ஒப்புதல் அளித்து, கண்காணித்து, குழந்தையை அதனிடம் ஒப்படைப்பது வளர்ப்புப் பராமரிப்பு. பாட்டி, தாய்மாமன், சித்தி, பெரியப்பா போன்றோர் பொறுப்பேற்பது உறவினர் பராமரிப்பு. இரண்டும் தத்தெடுப்பிலிருந்து வேறுபட்டவை. தத்தெடுப்பில் குழந்தை புதிய பெற்றோரின் சட்டப்படியான பிள்ளையாகிவிட, இவற்றிலோ பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு அறுபடுவதில்லை.

இந்தியாவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு அடிப்படையாக இருப்பது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் 44-ஆம் பிரிவின்படி, குடும்பத்தின் திறன், நோக்கம், குழந்தை வளர்ப்பில் முன் அனுபவம் ஆகியவற்றைக் கருதியே தேர்வு நடைபெற வேண்டும். உடன்பிறந்தோரை இயன்றவரை பிரிக்கக் கூடாது. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வீட்டை ஆய்வுசெய்து, குறை காணப்பட்டால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்ற வேண்டும். தத்து கொடுக்கத் தகுதியுள்ளதாகக் குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புக்கு அனுப்ப அதே பிரிவு தடை விதிக்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், திருமணமாகாதோர், கணவரையோ மனைவியையோ இழந்தோர், மணமுறிவு பெற்றோர் ஆகியோரும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என அனுமதித்ததோடு, வளர்த்த குழந்தையையே தத்தெடுப்பதற்கான காத்திருப்புக் காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தன.

பயிற்சியின் உள்ளடக்கம் பல நாடுகளில் ஏறத்தாழ ஒன்றே. இழப்பையும் வன்முறையையும் கண்ட குழந்தை உணவைப் பதுக்கி வைப்பது, படுக்கையை நனைப்பது, பொய் சொல்வது, பல நாள் பேசாமலிருப்பது போன்றவற்றைப் பிடிவாதமாகக் கொள்ளாமல் அச்சத்தின் அடையாளமாகப் புரிந்துகொள்ள வளர்ப்போருக்குக் கற்றுத்தரப்படுகிறது. அடிக்காமல் ஒழுங்குபடுத்தும் வழிகள், பிறந்த குடும்பத்தினர் காண வரும்போது நடந்துகொள்ளும் முறை, பாலியல் துன்புறுத்தலை அடையாளம் கண்டு புகாரளிக்கும் கடமை ஆகியவையும் அதில் அடங்கும். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ கைவிட்டாலோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வளர்ப்புப் பெற்றோருக்கு மட்டுமன்றிச் சொந்தப் பாட்டனுக்கும் பொருந்தும்.

உறவினரோ இவ்வேற்பாட்டின் ஓரத்திலேயே நிற்கின்றனர். சட்டம் வளர்ப்புப் பராமரிப்பைப் பிறந்த குடும்பமல்லாத குடும்பத்துக்கு உரியதாக வரையறுப்பதால், உறவினர் வீட்டில் வளரும் அனாதைக் குழந்தை நடைமுறையில் 45-ஆம் பிரிவின் நிதி ஆதரவுத் திட்டத்தின்கீழ் வருகிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இரு வகைக்கும் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் எனச் சம தொகையை வைத்துள்ளன. விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவுசெய்கிறது. ஆயினும் உறவினருக்குத் தொகை கிடைக்குமளவுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. இரத்த உறவே போதிய தகுதி என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது; அது பாதி உண்மையே. மகளைப் பறிகொடுத்த பாட்டி தன் துயரத்தினூடேயே பேரனை வளர்க்கிறாள். தந்தை வழியினரும் தாய் வழியினரும் காப்பீட்டுப் பணத்துக்கும் நிலத்துக்கும் சண்டையிட்டால் நடுவில் நிற்பது குழந்தை. வயதுக்கு வந்த பேத்தியை விரைவில் மணமுடித்துவிடும் அவசரமும் முதியோரிடம் எழுவதுண்டு. வெளியார் எதிர்கொள்ளாத இச்சிக்கல்களுக்குத் தனிப் பாடம் தேவைப்படுகிறது.

கொரோனாத் தொற்றின்போது இவ்வகைக் குடும்பங்கள் அரசுகளின் கண்ணில் பட்டன. 2021 மே மாதத்தில் ஆந்திர அரசு, தொற்றால் பெற்றோரிருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்பாக இட்டு, அதன் வட்டியைப் பராமரிப்புக்குத் தர முன்வந்தது. தமிழ்நாடு 5 லட்சம் ரூபாய் வைப்பும், உறவினரிடம் வளர்வோருக்கு மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. இலங்கை இதற்கு முன்பே வேறொரு வழியை நாடியிருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இயற்றப்பட்ட 2005-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டம், அனாதையான பிள்ளைகளின் காப்பாளராகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை நியமித்து, அவர்களை வளர்ப்போரை முறைப்படி பதிவுக்குள் கொண்டுவந்தது.

மாநில எல்லையைத் தாண்டும் உறவுகளால், ஆந்திரத்தின் சூளூர்பேட்டை இப்பொருளில் தனிக் கவனத்துக்குரியது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வாயிலாகவும், சென்னையிலிருந்து புறநகர் ரயில்கள் வந்து திரும்பும் இடமாகவும் உள்ள இவ்வூர், நெல்லூர் மாவட்டத்திலிருந்து விலகி, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் புழங்கும் இப்பகுதிக் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் உண்டு என்பதால், குழந்தையை ஏற்கக்கூடிய பாட்டியோ மாமனோ மாநில எல்லைக்கு அப்பால் இருக்கலாம். அப்போது, குழந்தையின் இருப்பிடத்துக்குரிய நலக் குழுவுக்கு அதை மாற்ற வகைசெய்யும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி விவகாரம் மாநிலம் கடக்கலாம். ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்று, தெலுங்கு வழியிலிருந்து தமிழ் வழிக்கு மாறும் படிப்பு ஆகியவை உடன் வந்து சேரும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் முதற்பக்கத்தில் இடம்பெறத் தக்க இத்தகைய அலுவலகத் தொல்லைகள் உளவியல் பாடங்களுக்குப் பின்னே தள்ளப்படுவது விந்தையே.

ஆதரவு என்பதில் பணத்துக்கு அடுத்து இன்றியமையாதது, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு மனிதர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர்கள் மாவட்டம் முழுவதையும் கவனிக்க வேண்டியிருப்பதால், அங்கன்வாடிப் பணியாளரும், ஆந்திரத்தில் 2019 அக்டோபர் 2 முதல் இயங்கும் கிராமச் செயலகங்களின் மகளிர் பணியாளருமே அருகிலிருப்போர். அவசர அழைப்புக்கு 1098 என்னும் உதவி எண் உள்ளது. வளர்ப்பவர் நோயுற்றாலோ களைத்தாலோ சில நாள் குழந்தையை வேறொரு நம்பகமான வீட்டில் விட்டுவைக்கும் இடைப்பராமரிப்பு பல நாடுகளில் வழக்கமாயினும், இங்கு அது பெரும்பாலும் அடுத்த வீட்டாரின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கிறது.

குழந்தைக்கு 18 வயது நிறைந்ததும் நிதி ஆதரவு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய உதவியைப் பேசும் 46-ஆம் பிரிவு, பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறுவோரையே குறிப்பிடுகிறது. ஆகவே கல்லூரிக் கட்டணமோ தொழிற்பயிற்சிச் செலவோ எழும் வேளையில், இல்லத்தில் வளர்ந்தவருக்குச் சட்டத்தில் உள்ள இடம் பாட்டி வீட்டில் வளர்ந்தவருக்கு இல்லை.