ஆறடி வயரை எடுத்த கதை

போன மாதம் எங்கட சனசமூக நிலையத்தில ஒரு ஆவணப்படம் போட இருந்தோம். சுவரில் 43 அங்குல ரிவி, மேசையில் லப்டொப், பாயில் இருபத்தைந்து பேர். எல்லாம் சரி, எச்டிஎம்ஐ வயரைத்தான் மறந்து வந்துவிட்டோம். "இப்ப வயர் இல்லாமலே போடலாம்தானே" என்று ஒரு தம்பி சொல்ல, ஆளாளுக்குத் தேடத் தொடங்கினோம். லப்டொப்பில் ஒரு பெயர், ஒருவரின் ஃபோனில் 'காஸ்ட்', இன்னொருவரின் ஃபோனில் 'ஸ்மார்ட் வியூ', ஐஃபோன் வைத்திருந்த தங்கச்சிக்கு 'ஸ்கிரீன் மிரரிங்', ரிவியின் மெனுவில் இது எதுவும் இல்லை. முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணை தன் டிஷ் பெட்டியில் இருந்த வயரைக் கழற்றித் தந்தார். இரண்டு நுனியையும் செருகினோம், படம் ஓடியது.

லப்டொப் திரையை வயர் இல்லாமல் ரிவியில் காட்டலாம் என்று கடைகளில் விற்கத் தொடங்கி பதினைந்து வருஷத்துக்கு மேல். பிறகும் ஏன் இந்தக் கூத்து? வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தோம். தொழில்நுட்பம் பிந்தியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வயர் இருந்த இடத்தில் யார் நிற்பது என்று கம்பனிகளுக்குள் நடந்த இழுபறி.

தொழில்நுட்பத்தை முதலில் பார்ப்போம். ஃபுல் எச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது இருபது இலட்சத்துக்கு மேல். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட். செக்கனுக்கு 60 தடவை முழுத் திரையையும் அனுப்ப வேணும் என்றால் கிட்டத்தட்ட 3 பில்லியன் பிட். 2002 டிசெம்பரில் வந்த எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பே இதைச் சுருக்காமல் கொள்ளாமல் அப்படியே காவக்கூடியது. வைஃபையோ 1997இல் முதல் தரநிலை வந்தபோது செக்கனுக்கு 2 மில்லியன் பிட்தான். ஆயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம். லொறிச் சாமானைச் சைக்கிள் கரியரில் கட்டுகிற வேலை இது.

அதனால் ஆரம்பத்தில் இதைச் செய்யப் பார்த்தவர்கள் படத்தை முழுதாக அனுப்பவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி கம்பனி தொடங்கிய ஆய்வுகூடத்தில் விஎன்சி என்ற மென்பொருளை உருவாக்கி, 1998இல் மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார்கள். அதன் யோசனை எளிமையானது: திரையில் எந்தச் சதுரம் மாறியதோ அதை மட்டும் அனுப்பு. கடிதம் தட்டச்சு செய்தால் மாறுவது ஒரு வரிதான், அதற்கு மெதுவான இணைப்பும் போதும். படம் ஓட்டினால் திரை முழுக்க ஒவ்வொரு கணமும் மாறும், அப்போது மூச்சு வாங்கிவிடும். ஆனாலும் விஎன்சியை யாரும் எதிலும் போட்டுக்கொள்ளலாம், எந்தக் கம்பனியின் பெட்டி என்று அது கேட்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

2002 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் 'மிரா' என்ற குறிப்புப் பெயரில் ஒன்றை அறிவித்தது. மேசைக் கணினியின் திரையைக் கழற்றி, வைஃபையில் இணைத்தபடி வீடு முழுக்கக் கொண்டு திரியலாம். 'ஸ்மார்ட் டிஸ்பிளே' என்ற பெயரில் 2003இல் கடைக்கு வந்தது, அதே வருஷம் டிசெம்பரில் கைவிடப்பட்டது. விலை கூட என்பதோடு இன்னொரு பகிடியும் உண்டு. திரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனால், மேசையில் இருக்கிற கணினி பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் எக்ஸ்பி ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே அனுமதித்தது. இரண்டு பேர் பாவித்தால் இரண்டு பிரதி விற்கலாம் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்திருக்கும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

உண்மையான மாற்றத்துக்கு இரண்டு பொருள் தேவைப்பட்டது. ஒன்று, படத்தை நன்றாகச் சுருக்குகிற முறை. அது 2003இல் எச்.264 என்று வந்தது, ஆனால் திரையில் ஓடுவதை ஓட ஓடச் சுருக்குகிற பலம் சாதாரண லப்டொப்புக்கு வர இன்னும் சில வருஷம் எடுத்தது. மற்றது வேகமான வைஃபை. 802.11என் தரநிலை 2009இல் முடிவானது. அடுத்த ஜனவரியிலேயே, 2010இல், லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இன்டெல் தன் 'வைடை'யை மேடையேற்றியது. லப்டொப் தன் திரையைச் சுருக்கி அனுப்பும், ரிவிக்குப் பின்னால் செருகிய நெட்கியர் பெட்டி அதை விரித்துக் காட்டும். பெட்டியின் விலை 100 டொலர் அளவு, அன்றைய மதிப்பில் 11,000 ரூபாவுக்கு மேல். மவுஸை அசைத்தால் ரிவியில் கொஞ்சம் பிந்தித்தான் அசையும், ஆகவே கேம் விளையாட உதவாது. படம் பார்க்கப் பரவாயில்லை, ஒலியும் ஒளியும் சேர்ந்தே பிந்துவதால் தெரியாது.

பெரிய சிக்கல் நிபந்தனைகளில் இருந்தது. இன்டெல் புரொசெசர், இன்டெல் வைஃபை கார்ட், இன்டெல் மென்பொருள், மூன்றும் வேணும். ஏஎம்டி லப்டொப் வைத்திருப்பவர் வயரோடு இருக்க வேண்டியதுதான். அதைவிட, முதல் பதிப்பில் பூட்டுப் போட்ட டிவிடியோ புளூ-ரேயோ ஓடாது. அந்தப் பூட்டின் பெயர் எச்டிசிபி. படம் போகிற வழியில் யாரும் பிரதி எடுக்கக்கூடாது என்பதற்காக, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் சாவி பரிமாறிச் சரிபார்க்கிற ஏற்பாடு. அதை உருவாக்கியதும் இன்டெல்தான். தான் செய்த பூட்டுத் தனக்கே தடை. அடுத்த வருஷப் பதிப்பில்தான் அது தீர்ந்தது. இந்தப் பூட்டு எச்டிஎம்ஐ வயருக்குள்ளும் இருக்கிறது, ஆகவே வயர் ஒன்றும் அப்பாவி இல்லை. ஆனால் வயருக்குள் அது சத்தமில்லாமல் வேலை முடித்துவிடும். செருகினவருக்குத் தெரியவே தெரியாது.

அப்பிள் தன் வழக்கப்படி தனிப் பாதை போட்டது. 2004இல் பாட்டை மட்டும் வைஃபையில் அனுப்பிய 'எயார்டியூன்ஸ்', 2010இல் வீடியோவும் சேர்ந்து 'எயார்பிளே' ஆனது. 2011இல் ஐபாட், ஐஃபோன் திரைகளையும், 2012இல் மக் கணினியின் திரையையும் அப்படியே ரிவிக்கு அனுப்பலாம் என்று வந்தது. மிக நேர்த்தியாக வேலை செய்தது, இரண்டு பக்கமும் அப்பிள் இருந்தால். 2011இல் ஒரு நிரலாளர் அப்பிளின் சிறிய வைஃபை பெட்டியைக் கழற்றி, சிப்பில் இருந்த இரகசியச் சாவியைப் படித்து வெளியில் விட்டார். அதற்குப் பிறகுதான் வேறு கணினிகளும் எயார்பிளே பாட்டை வாங்கக் கூடியதாக இருந்தது. தன்னுடைய ஸ்பீக்கரில் தன்னுடைய பாட்டைக் கேட்க ஒருவர் பூட்டுடைக்க வேண்டியிருந்தது என்பதை யோசிச்சுப் பாருங்கோ.

இப்படி ஆளுக்கொரு வாசல் வைத்த நேரத்தில், 2012 செப்டெம்பரில், வைஃபைத் தரநிலைகளைக் கவனிக்கிற வைஃபை அலையன்ஸ் 'மிராகாஸ்ட்'டைக் கொண்டுவந்தது. இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம், ரவுட்டர் கூடத் தேவையில்லை. லப்டொப்பும் ரிவியும் வைஃபை டிரெக்ட் மூலம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். இன்டர்நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சம்சுங் ரிவி, எல்ஜி ஃபோன், விண்டோஸ் லப்டொப் எல்லாம் ஒரே பாஷை பேசும் என்பது திட்டம். அதே வருஷம் அண்ட்ரொய்ட் 4.2இலும், 2013 ஒக்டோபரில் விண்டோஸ் 8.1இலும் சேர்ந்தது. இன்டெலும் தன் வைடையை மிராகாஸ்டோடு பொருந்த வைத்து, 2016ஐ ஒட்டி வைடையையே மூடிவிட்டது. ஒரு பொதுத் தரநிலை வென்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

பெயரில்தான் முதல் அடி விழுந்தது. ஒரே மிராகாஸ்டை சம்சுங் 'ஓல்ஷெயார் காஸ்ட்' என்றது, பனசொனிக் 'டிஸ்பிளே மிரரிங்' என்றது, சொனி 'ஸ்கிரீன் மிரரிங்' என்றது. பொதுவான பொருளுக்கு அவரவர் லேபலை ஒட்டியதால், இரண்டும் ஒன்றுதான் என்பதே வாங்கினவருக்குத் தெரியாது. சனசமூக நிலையத்தில் நாங்கள் முழிசினதும் இதனால்தான். இரண்டாவது அடி வைஃபை கார்டுக்குள். லப்டொப் ரவுட்டரோடு ஒரு சனலிலும் ரிவியோடு இன்னொரு சனலிலும் இருந்தால், ஒரே அன்டெனா இரண்டுக்கும் மாறி மாறி ஓட வேண்டும். படம் திக்கித் திக்கி வருவதற்கு இது ஒரு காரணம். அப்பிள் எட்டியும் பார்க்கவில்லை. கூகுள் 2015இல் வந்த அண்ட்ரொய்ட் 6இலிருந்து தன் சொந்த ஃபோன்களில் மிராகாஸ்டை விட்டுவிட்டது. சம்சுங் போன்றவை தாங்களாகச் சேர்த்துக்கொண்டன.

கூகுள் ஏன் விட்டது என்றால், அதனிடம் வேறொன்று இருந்தது. 2013 ஜூலை 24இல் வெளிவந்த குரோம்காஸ்ட். பென்ட்ரைவ் போல ஒரு துண்டு, 35 டொலர்தான். அது கேள்வியையே மாற்றிப் போட்டது. இவ்வளவு நாளும் எல்லாரும் படத்தை அனுப்பத் தலையை உடைத்தார்கள். குரோம்காஸ்ட், படத்தை அனுப்பாதே, படம் இருக்கிற விலாசத்தை மட்டும் அனுப்பு என்றது. யூடியூப்பில் ஒரு வீடியோவை நீங்கள் அமத்தினால், ரிவியில் செருகிய துண்டு அந்த விலாசத்தை வாங்கி, தானே இன்டர்நெட்டுக்குப் போய் வீடியோவை எடுத்து ஓட்டும். ஃபோனை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போகலாம். திக்கல் இல்லை, பற்றரியும் இறங்காது. இதன் அடிப்படையான 'டயல்' என்ற முறையை நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் சேர்ந்துதான் உருவாக்கின. இதைக் கெட்டித்தனம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் படம் உங்கட ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால்? விலாசம் இல்லாத படத்துக்கு இங்கே மரியாதை குறைவு. ஃபோனில் உள்ள சொந்த வீடியோவை குரோம்காஸ்டில் ஓட்ட ஒரு நிரலாளர் செயலி எழுதினார். 2013 ஓகஸ்டில் வந்த கூகுளின் புதுப்பிப்பு அதை முடக்கியது. இன்னும் சோதனைக் கட்டம், பிறகு இடம் தருவோம் என்றது கூகுள். 2014 பெப்ரவரியில் வெளியாருக்குக் கதவு திறந்தபோது அந்தச் செயலியும் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேணும். லப்டொப்பில் குரோம் உலாவியின் ஒரு பக்கத்தை அனுப்பும் வசதியும் முதல் நாளில் இருந்தே இருந்தது. அங்கே மட்டும் பழைய முறை, லப்டொப்தான் சுருக்கி அனுப்ப வேண்டும்.

இந்த வித்தியாசம் அமெரிக்க வீட்டில் பெரிதாக உறைக்காது. எங்களுக்கு உறைக்கும். மாதப் பெக்கேஜ் இருபதாம் திகதியே முடிகிற வீட்டில், மிராகாஸ்டில் போடுகிற படம் டேட்டாவைத் தொடாது, காஸ்டில் போடுகிற படம் ஒவ்வொரு முறையும் தின்னும். பென்ட்ரைவில் கைமாறி வருகிற படங்கள், நாங்களே எடுத்த நேர்காணல்கள், எங்கட ஆச்சிமார் பாடிப் பதிந்து வைத்தவை, இவை எதற்கும் விலாசம் கிடையாது.

2019 அளவில் கதவுகள் கொஞ்சம் திறந்தன. சம்சுங், எல்ஜி, சொனி ரிவிகளுக்குள் எயார்பிளே வந்தது. வந்த கையோடு, அந்த ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் எயார்பிளேயில் இருந்து விலகியது. எந்த ரிவியில் ஓடுகிறது என்று பிரித்தறிய முடியாததால் தரத்தை உறுதிப்படுத்த முடியவில்லையாம். எங்கே ஓடுகிறது என்று வயர் யாருக்கும் சொன்னதில்லை, நாங்களும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. அதே வருஷத் தொடக்கத்தில்தான், ரவுட்டர்களின் கவனக்குறைவான அமைப்பைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான குரோம்காஸ்ட்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒரு யூடியூப் எச்சரிக்கையை ஓடவிட்டார்கள்.

2024 ஓகஸ்டில் கூகுள் குரோம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, அதுவரை 100 மில்லியனுக்கு மேல் விற்றிருந்தது. 2025 மார்ச் 9இல், 2015இல் வந்த இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. ஒன்றும் பழுதாகவில்லை. இந்தக் கருவி உண்மையானதுதான் என்று உறுதிசெய்கிற டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்து வருஷ ஆயுள் கொடுத்திருந்தார்கள், அது அன்றைக்கு முடிந்தது. புதுப்பிக்க எல்லாருக்கும் மறந்துபோயிருக்கிறது. சில நாளில் கூகுள் திருத்தி அனுப்பியது. திருத்தாமல் விட்டிருந்தால் வேலை செய்கிற பெட்டிகள் அத்தனையும் குப்பைக்குத்தான் போயிருக்கும். பத்து வருஷப் பழைய எச்டிஎம்ஐ வயர் ஒன்று எங்கட வீட்டில் இருக்கிறது. ஒரு நுனி கொஞ்சம் ஆடும், பிடித்துக்கொண்டு செருக வேணும்.

சனசமூக நிலையத்து ரிவியில் மிராகாஸ்ட் இருக்கத்தான் செய்தது. அமைப்புகளுக்குள் இல்லை, எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று வருகிற இன்புட் பட்டியலின் அடியில், வேறொரு பெயரில். விண்டோஸ் லப்டொப் என்றால் விண்டோஸ் பட்டனையும் கே-யையும் சேர்த்து அமத்துங்கோ, அருகில் உள்ள திரைகளைத் தேடும். வைஃபை ஓனில் இருந்தால் போதும், எந்த ரவுட்டரிலும் இணைந்திருக்கத் தேவையில்லை. திக்கினால் ரவுட்டர் இணைப்பை விட்டுவிட்டுப் பாருங்கோ. இந்த மாதப் படத்தை அப்படித்தான் போட்டோம், ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டு தடவைதான் நின்றது. தேடினபோது பட்டியலில் இரண்டு ரிவி வந்தது. ஒன்று எங்களது, மற்றது வயர் தந்த அண்ணையுடையது.