கேட்டவர்கள் பேசிய வானொலி



1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பொது இடத்தில் வைத்த ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் கூடிக் கேட்ட தோட்டங்கள் நம் நாட்டில் உண்டு. 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சியும் வந்தது. கேட்டோம், பார்த்தோம். ஆனால், பேசியவர்கள் தலைநகரில் இருந்தார்கள். கேட்கும் மக்களே பேச வழியில்லையா?

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் கம்பிவழித் தொலைக்காட்சியில் பொதுமக்களுக்கென்றே அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. சாதாரணக் குடிமகனும் தான் தயாரித்த நிகழ்ச்சியை அதில் ஒளிபரப்பலாம். பின்னர், சிறு நகரங்களிலும் இலாப நோக்கமற்ற சங்கங்கள் இத்தகைய நிலையங்களை நடத்தலாயின.

ஏழை நாடுகளில் தொலைக்காட்சிக்குப் பணம் ஏது? அங்கே வானொலிதான் கைக்கு எட்டியது. இந்தியாவில் அதற்கும் தடை இருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி ஒலிபரப்பு அரசாங்கத்தின் தனி உரிமை.

இன்றைய தெலுங்கானா மாநிலத்தில், ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்றொரு சிற்றூர். அவ்வட்டாரத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் கூலி வேலை செய்தும், வானம் பார்த்த நிலத்தில் சோளமும் தினையும் விளைத்தும் பிழைத்தனர். தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் அமைப்பு அவர்களை ஊர்தோறும் சங்கங்களாகத் திரட்டியது. யுனெஸ்கோவின் உதவியால் 1990களின் இறுதியில் அங்கே ஒலிப்பதிவுக் கூடமும் எழுந்தது. ஒலிபரப்ப அனுமதி இல்லை. பெண்கள் சோர்ந்துவிடவில்லை. விதை காக்கும் முறை, கை வைத்தியம், நடவுப் பாட்டு ஆகியவற்றைத் தங்கள் பேச்சு வழக்கிலேயே ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினர்.

இதற்கிடையே, கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றிய வழக்கொன்று இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1995 பிப்ரவரி 9ஆம் நாள், நீதிபதி பி.பி. சாவந்த் அடங்கிய அமர்வு, வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் கதவு மெல்லத்தான் திறந்தது. 2002இல் கல்வி நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தன் வானொலியைத் தொடங்கியது. தொண்டு அமைப்புகளுக்கு 2006இல்தான் வழி பிறந்தது.

2008 அக்டோபர் 15ஆம் நாள் மாச்சனூரில் 'சங்கம் ரேடியோ' ஒலித்தது. தொடங்கி வைத்தவர் அதே நீதிபதி சாவந்த். நிலையத்தை நடத்தும் பொறுப்பை இரு பெண்கள் ஏற்றனர். இருவர் பெயரும் நரசம்மா. சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்பட்ட ஆற்றல் 100 வாட். சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமே எட்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி இல்லை. இருந்தும், அதுவரை யாரும் கேளாத குரல்கள் அதில் ஒலித்தன.

நேயர்களே, அலோர் காஜா, ஜாசின் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் குடும்பங்கள் பட்டணம் வந்துவிட்டன. பெரட்டுக் களம், பால்மரக் காடு, கோயில் திருவிழா, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் போனால் அவையும் போய்விடும். மாச்சனூர்ப் பெண்கள் அனுமதிக்காகக் காத்திராமல் முதலில் பதிந்து வைத்தார்கள். இன்று நம் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பாட்டியை, தாத்தாவைப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் பதிந்து, பெயரும் ஊரும் தேதியும் குறித்து வைக்கட்டும்.