பயிற்சித் திட்டமும் பயில்பவரும்: மலைமிதிவண்டி வரலாறு கற்பிக்கும் பாடம்



மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் ஆர்வம் நம்மவர்களிடையே காணப்படுகின்றது. "இணையத்தில் விற்கப்படும் உடற்பயிற்சித் திட்டங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று உடன்பணியாற்றும் ஆசிரியர்களும், பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரும் என்னிடம் வினவுவதுண்டு. நான் விளையாட்டுப் பயிற்றுநன் அல்லன், வரலாறு போதிப்பவன். ஆதலால், ஒன்றை வாங்குமுன் அது எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்று பார்ப்பது என் வழக்கம். அவ்வாறு பார்த்ததில் தெளிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மலைமிதிவண்டி விளையாட்டு பயிற்றுநர் எவருமின்றிப் பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளைஞர்கள் தடித்த சக்கரம் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, செப்பனிட்டு, மலைச்சரிவுகளில் ஓட்டி மகிழ்ந்தனர். 1976 அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபேக்ஸ் நகருக்கு அருகே 'ரீபேக்' எனும் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் ஏறத்தாழ 1,300 அடி இறங்கும் பாதை அது. பின்சக்கரப் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும்; அதை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததால்தான் அப்பெயர் ஏற்பட்டது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் நிறுவனம் தொடங்கினர். 1990இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் அனைத்துலக மிதிவண்டி ஒன்றியத்தின் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு இடம்பெற்றது. பொழுதுபோக்காகத் தொடங்கியது, இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் பதக்கத்திற்குரியதாயிற்று. பதக்கம் வந்ததும் முறையான பயிற்சியும் வந்தது.

அப்பயிற்சியின் வேர்களோ இன்னும் பழையவை. 1930களில் ஜெர்மனியில், வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் இணைந்து இடைவெளிப் பயிற்சி முறையை வகுத்தனர். ஓட்டக்காரரின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 180 வரை உயரும்படி ஓடச் செய்வர். அது 120க்கு இறங்கிய பின்னரே அடுத்த ஓட்டம். 90 நொடிக்குள் இறங்காவிடில் பயிற்சி அளவு மீறிவிட்டது என்று பொருள். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடுத்த ஓட்டம் எப்போது என்பதைத் தீர்மானித்தது தாளில் எழுதிய அட்டவணை அன்று, ஓடியவரின் நாடி.

1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ், ஓராண்டைத் தயாரிப்பு, போட்டி, இடைமாற்றம் எனப் பருவங்களாகப் பகுக்கும் முறையை விளக்கினார். 1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத்துடிப்பு அளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1986இல் ஜெர்மானியப் பொறியியலாளர் உல்ரிஷ் ஷோபரர், மிதிக்கும் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்கப் பயிற்றுநர் ஜோ ஃப்ரீல் 1996இல் மிதிவண்டியோட்டிகளுக்கும், 2000ஆம் ஆண்டில் மலைமிதிவண்டியோட்டிகளுக்கும் பயிற்சி நூல்கள் எழுதினார். இணையமும் வந்து சேர்ந்தபின், கடல்கடந்த பயிற்றுநரும் நம் இதயத்துடிப்பைக் காண வழி பிறந்தது. அதே வழியில், நம்மை ஒருபோதும் கண்டிராதவர் எழுதிய திட்டம் ஆயிரம் பேருக்கு ஒரே வடிவில் விற்கப்படவும் வாய்ப்பு ஏற்பட்டது.

சராசரிக் கணக்கின் இடர்ப்பாட்டிற்கு ஒரு சான்று காட்டலாம். '220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத்துடிப்பு' என்னும் சூத்திரம் பல திட்டங்களில் காணப்படுகின்றது. இது 1971இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. 2002இல் இதன் மூலத்தை ஆராய்ந்தவர்கள், இதற்கென முறையாக நடத்தப்பட்ட ஆய்வு எதுவும் இல்லை என்று காட்டினர். நாற்பது வயதினருக்கு இச்சூத்திரம் 180 என்று கூறும். உண்மையில் ஒருவருக்கு அது 168ஆகவும் மற்றொருவருக்கு 192ஆகவும் இருத்தல் இயல்பே. ஒருவருக்கு மிதமான பயிற்சி மற்றவருக்குக் கடும் பயிற்சியாகிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு இச்சூத்திரம் பொருந்துவதே இல்லை.

பருவநிலையும் அத்தகையதே. பனிக்காலத்தில் அடித்தளப் பயிற்சி, கோடையில் போட்டி என்ற அமைப்பு குளிர்நாடுகளுக்குரியது. நமக்குப் பனிக்காலம் இல்லை. பருவமழையும் ஆண்டு முழுவதும் வெப்பமும் உண்டு. வெப்பத்தில் அதே வேகத்திற்கு இதயம் மிகுதியாகத் துடிக்கும். இதைக் கருதாத திட்டம் நம் உடலை வருத்தும்.

ஆகவே, பணம் செலுத்துமுன் நான்கு வினாக்களை எழுப்புங்கள். முதலாவது, வயது, உடல்நலம், வாரத்தில் ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைத் திட்டம் நம்மிடம் கேட்கிறதா? இரண்டாவது, தேர்வுத்தாள் திருத்தும் வாரத்திலோ காய்ச்சலுற்ற வாரத்திலோ பயிற்சி தவறினால் அட்டவணை மாற்றப்படுமா, ஓய்வு வாரங்கள் உண்டா? மூன்றாவது, ஏற்றத்திற்கான குறுகிய கடும் முயற்சிகளும், இறக்கத்தில் வண்டியைக் கையாளும் திறனும் அதில் உள்ளனவா? சாலை ஓட்டத்திற்கு எழுதியதைப் பெயர் மாற்றி விற்பதும் உண்டு. நான்காவது, எழுதியவர் யார், அவரிடம் ஐயம் கேட்க இயலுமா?

விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. சுவீடன் நாட்டு உளவியலறிஞர் கன்னார் போர்க், உழைப்பின் கடுமையை அவரவர் உணர்வைக் கொண்டே 6 முதல் 20 வரை குறிக்கும் அளவுகோலைத் தந்துள்ளார். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் அதற்குப் போதும்.

பெற்றோர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட திட்டத்தை வளரும் பிள்ளையிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டிருந்தால், முதலில் மருத்துவரைக் காணுங்கள்; திட்டம் பிறகு. பயிற்சிக்குப்பின் பிள்ளை நன்கு உறங்குகிறதா, பசித்து உண்கிறதா, மறுநாள் மகிழ்வோடு வண்டியை எடுக்கிறதா என்பதை எந்தத் திரையும் உங்களைவிட நன்றாக அறியாது.

ஒரே பயிற்சித்தாளை வகுப்பு முழுவதற்கும் கொடுத்தால் என்ன நேரும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். சிலர் சலிப்படைவர், சிலர் திணறுவர். தாளைத் தந்தபின் மாணவனின் முகத்தைப் பார்த்து அடுத்த தாளை மாற்றுவதே கற்பித்தல். அத்தகைய திட்டம் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிடில், உங்கள் ஊரிலுள்ள அனுபவமிக்க மிதிவண்டியோட்டி ஒருவரின் துணையே மேலானது.